டோட்டோ-சான் படத்தில் போர் எங்கே இருக்கிறது?

டோட்டோ-சான் புத்தகத்தைப் பற்றி நம் ஊரில் பேச்சு வந்தால் ரயில் பெட்டி வகுப்பறைதான் முதலில் வரும். பிடித்த பாடத்திலிருந்து நாளைத் தொடங்கலாம், மதியச் சாப்பாட்டில் கடலிலிருந்து கொஞ்சம், மலையிலிருந்து கொஞ்சம் இருக்க வேண்டும், இப்படி. நேஷனல் புக் டிரஸ்ட் தமிழில் கொண்டுவந்த அந்தப் புத்தகத்தை எத்தனையோ ஆசிரியர்கள் கைமாற்றிப் படித்திருக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் நாம் கொண்டாடுவது பாதிப் புத்தகத்தை மட்டும்தான். 2023 டிசம்பரில் ஜப்பானில் வெளியான அனிமேஷன் படம் மீதிப் பாதியான இரண்டாம் உலகப் போர்க் காலத்தையும் கண்முன் வைக்கிறது. இயக்கியவர் ஷின்னோசுகே யாகுவா.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: புத்தகத்தை எழுதிய டெட்சுகோ குரோயானகிதான் சிறுமி டோட்டோ-சான். வகுப்பு நேரத்தில் ஜன்னலில் நின்று தெருவில் போகும் வாத்தியக்காரர்களைக் கூப்பிட்டதற்காகவும் இன்னும் பல சேட்டைகளுக்காகவும் ஒன்றாம் வகுப்பிலேயே பள்ளியை விட்டு அனுப்பப்பட்டவர். டோக்கியோவின் ஜியுகாவோகாவில் இருந்த டோமோயே பள்ளியின் தலைமையாசிரியர் சோசாகு கோபயாஷி, அந்தச் சிறுமி பேசுவதை நான்கு மணி நேரம் உட்கார்ந்து கேட்டார். சேர்த்துக்கொண்டார்.

போர் இந்தப் படத்துக்குள் குண்டாக வந்து விழுவதில்லை, ரொம்ப நேரத்துக்கு. ஸ்டேஷனில் பயணிகளிடம் டிக்கெட்டை வாங்கிக்கொள்ளும் ஊழியர் ஒரு நாள் இல்லை, அந்த இடத்தில் ஒரு பெண் நிற்கிறார். கேரமல் மிட்டாய் எந்திரம் காலி. சாப்பாட்டு டப்பா சுருங்குகிறது. யாரும் நமக்கு விளக்கம் சொல்வதில்லை, டோட்டோவுக்கும் சொல்வதில்லை. அப்பா வயலின் கலைஞர். ராணுவப் பாடல்களை வாசித்தால் அரிசி, சர்க்கரை கிடைக்கும் என்ற நிலையிலும் மறுக்கிறார். பசியில் டோட்டோவும் நண்பன் யாசுவாகியும் தெருவில் பள்ளியின் சாப்பாட்டுப் பாட்டைப் பாட, ஒரு பெரியவர் அதட்டுகிறார். வாய்தானே பாடக் கூடாது? இருவரும் மழைத் தண்ணீரில் காலால் தாளம் போடுகிறார்கள். ஐரோப்பாவுக்குப் போய், சுவிஸ் இசையாசிரியர் டால்க்ரோஸ் உருவாக்கிய, இசைக்கேற்ப உடலை அசைக்கும் தாளப் பயிற்சியைக் கற்று வந்த கோபயாஷியின் பாடம், அந்தத் தெருவில்தான் தேர்வுக்கு வருகிறது.

என்னை மிகவும் உலுக்கியது இதுதான். அது உடம்பை அளந்து பார்த்த காலம். 1941-இல் தொடக்கப் பள்ளிகள் 'தேசியப் பள்ளிகள்' ஆகின. பேரரசருக்கு விசுவாசமான குடிமக்களை உருவாக்குவதுதான் அவற்றின் வேலை, அணிவகுப்பும் உடற்பயிற்சியும் அதன் பகுதி. அதே ஊரில் ஒரு மனிதர், போலியோ பாதித்த யாசுவாகியும் கூச்சமில்லாமல் குளத்தில் இறங்க வேண்டும் என்பதற்காக எல்லாப் பிள்ளைகளையும் ஆடையில்லாமல் நீந்தவிடுகிறார். வளர்ச்சி நின்றுபோன சிறுவன் தாகாஹாஷி ஜெயிக்கிற மாதிரியே விளையாட்டு விழாவின் போட்டிகளை அமைக்கிறார். எல்லா உடம்பும் அழகு என்று அந்த வருடங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தந்ததை வெறும் 'விளையாட்டு வழிக் கல்வி' என்று சுருக்கிவிட என்னால் முடியவில்லை. அவர் மேடையேறி எதையும் எதிர்க்கவில்லை, விளம்பரமும் விரும்பவில்லை. பள்ளியை ஒழுங்காக நடத்தினார், அவ்வளவுதான். என் பார்வையில் அதுவே பெரிய எதிர்ப்பு.

யாசுவாகி இறந்த பின், அஞ்சலி நடக்கும் இடத்திலிருந்து டோட்டோ வெளியே ஓடுகிறாள். அந்த ஓட்டத்தில்தான் தெரு முழுவதும் கண்ணில் படுகிறது: கொடியசைத்து வழியனுப்பப்படும் சிப்பாய்கள், போர் விளையாட்டு விளையாடும் பிள்ளைகள். ஒரு நண்பனுக்காக அழுகிற குழந்தையின் பக்கத்திலேயே ஒரு நாடு சாவைக் கொண்டாடிக்கொண்டிருக்கிறது. படத்தின் உச்சம் இதுதான், பள்ளி எரியும் காட்சி அல்ல.

பிள்ளைகளுக்குக் காட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: ஏழெட்டு வயதுக்கு மேல் தாராளமாகக் காட்டலாம். ஆனால் முதல் ஒரு மணி நேரத்தோடு நிறுத்திவிடாதீர்கள். ஸ்டேஷன் மாமா எங்கே போனார், சோறு ஏன் இல்லை என்று கேட்பார்கள், பதில் சொல்லுங்கள்.

ஒரு குறை உண்டு. 1945-இல் குண்டுவீச்சில் பள்ளி எரியும்போது, அடுத்து எப்படிப்பட்ட பள்ளி கட்டலாம் என்று கோபயாஷி கேட்கிறார். அதே இடத்தில் பிறகு அவர் மழலையர் பள்ளி நடத்தியதையும், கனவு கண்ட தொடக்கப் பள்ளியை மறுபடி கட்டுவதற்குள் 1963-இல் இறந்துபோனதையும் படம் முடிந்ததும் ஒரு வரி எழுத்திலாவது சொல்லியிருக்கலாம். படத்தை மட்டும் பார்த்தவர்கள் அவர் கட்டிவிட்டார் என்றே நினைத்துக்கொள்வார்கள்.