வில்லியத்தில் 'ப' எங்கே இருக்கிறது?

பில் கிளிண்டனின் இயற்பெயர் வில்லியம். பாபி கென்னடி, ராபர்ட். சுப்பிரமணியன் சுப்பு ஆவது புரிகிறது, உள்ளே இருக்கிற எழுத்துதானே. வில்லியத்தில் இல்லாத 'ப' எங்கிருந்து குதித்தது?

'வெள்ளைக்காரன் வழக்கம்' என்று கைகழுவுவது சோம்பேறித்தனம். இடைக்கால இங்கிலாந்தில் பெயர்ப் பஞ்சம். ஜான், வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட், தாமஸ் என்று கையளவு பெயர்களை வைத்தே ஊரை ஓட்டினார்கள். 'ராப்' என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள். அதனால் முதலில் பெயரை வெட்டி, பிறகு முதலெழுத்தை மாற்றினார்கள். அடுத்த எழுத்து அப்படியே நிற்கும், நம் எதுகை மாதிரி. ராப்பிலிருந்து ஹாப், டாப், பாப். ரிக்கிலிருந்து ஹிக், டிக். இதில் பாப்பும் டிக்கும் பிழைத்துக்கொண்டன, மற்றவை ஹாப்சன், டாப்சன், ஹிக்ஸ் என்று குடும்பப்பெயர்களுக்குள் ஒளிந்துகொண்டன. ஹாப்சன் என்றால் ராபர்ட்டின் மகன், அவ்வளவுதான். மார்கரெட், மெக் ஆகி, பெக் ஆகி, பெகி ஆனதும் இதே வழி. வில்லிலிருந்து பில் வந்ததும் இப்படித்தான், ஆனால் அது மட்டும் ரொம்பப் பிந்தி வந்தது. 14ஆம் நூற்றாண்டு ஆவணத்தில் 'பில்' என்று தேடினால் ஆள் கிடைக்கமாட்டார், 'வில்', 'வில்கின்' என்று தேடுங்கள்.

எட்வர்ட் 'நெட்' ஆனது வேறு கதை. அந்தக்கால ஆங்கிலத்தில் உயிரெழுத்துக்கு முன் 'என்' என்பதற்கு 'மை' வராது, 'மைன்'தான் வரும். செல்லமாக 'மைன் எட்' என்றால் காதில் 'மை நெட்' என்றே விழும். மெய்மேல் உயிர் ஏறுவது நமக்குப் பள்ளிக்கூட இலக்கணம், அவர்களுக்கு அதுவே புதுப்பெயர் கொடுத்துவிட்டது. எலன் 'நெல்' ஆனதும் இப்படித்தான்.

இப்படிச் செல்லமாக வைக்கும் பெயரைக் குறிக்கும் 'நிக்நேம்' என்ற சொல்லே இதே விபத்தில் பிறந்தது. 'ஈக்' என்றால் கூடுதல். 'ஆன் ஈக்நேம்', அதாவது 'ஒரு கூடுதல் பெயர்', 15ஆம் நூற்றாண்டில் 'ஏ நீக்நேம்' ஆகிவிட்டது. எதிர்த்திசையிலும் நடக்கும், 'நேப்ரன்' தன் 'ந'வைத் தொலைத்து, சமைக்கும்போது உடைமேல் கட்டிக்கொள்ளும் ஏப்ரன் ஆனது. ஆரஞ்சையும் இதில் சேர்க்கிறார்கள், தவறு. நம் நாரத்தைக்கு உறவான அந்தச் சொல்லின் 'ந', ஆங்கிலத்துக்கு வருமுன்பே பிரெஞ்சு, இத்தாலியப் பக்கம் உதிர்ந்துவிட்டது.

இன்னொரு பிழை, ஜாக் என்றால் ஜேம்ஸ் என்பது. ஜேம்ஸுக்குப் பிரெஞ்சில் 'ழாக்', அது காதில் விழுந்ததால் வந்த குழப்பம். ஜாக், ஜான்தான். ஜான், ஜான்கின், ஜாக்கின், ஜாக். ஜான் எஃப். கென்னடியை வீட்டில் ஜாக் என்றுதான் கூப்பிட்டார்கள்.