பிரிட்டன் அரசு வாங்கும் முட்டையும் கூண்டும்

பிரிட்டனில் 2012-இலேயே கோழிக் கூண்டுகள் ஒழிந்துவிட்டன, அதனால் அங்குள்ள அரசு மருத்துவமனைகளும் சிறைகளும் கூண்டில்லா முட்டையை மட்டுமே வாங்குகின்றன என்று சொல்லப்படுகிறது. நல்ல எண்ணத்தில் சொன்னதுதான், ஆனால் பாதிதான் சரி.

2012-இல் தடையானது பழைய வெறும் கம்பிக் கூண்டு. முட்டையிடும் மறைவும் அமரும் கம்பும் உள்ள வசதிக் கூண்டுக்கு அந்தத் தடை பொருந்தவில்லை. அதில் ஒரு கோழிக்குக் குறைந்தபட்சம் 750 சதுர சென்டிமீட்டர் இடம். ஏ4 தாளைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அதை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை. அரசின் உணவுக் கொள்முதல் தரவிதி விலக்குவதும் பழைய கூண்டைத்தான். வசதிக் கூண்டு முட்டையை வாங்க அது இடம் தருகிறது.

நீங்களே சரிபார்க்கலாம். தரவிதி அரசின் இணையதளத்தில் இருக்கிறது. முட்டை பற்றிய பகுதியைப் படியுங்கள். பிரிட்டனில் கடையில் வாங்கும் முட்டை ஓட்டில் அச்சிட்ட குறியீட்டின் முதல் எண்ணையும் பாருங்கள்: 0 இயற்கை வேளாண்மை, 1 திறந்தவெளி, 2 கொட்டகை, 3 கூண்டு. பெரிய சமையற்கூடங்களுக்கு ஓடு நீக்கிய திரவமாக வரும் முட்டையில் இந்த முத்திரை இருக்காது. அதற்கு வழங்குநரைத்தான் கேட்க வேண்டும்.