வெந்நீர் குடித்தால் ரத்தக்குழாய்க் கொழுப்பு கரையாது

"சாப்பிட்டதும் வெந்நீர் குடியுங்கள், ரத்தக்குழாயில் ஒட்டிய கொழுப்பு கரைந்துவிடும், மாத்திரையே வேண்டாம்" என்று கடலூர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

வெந்நீர் வயிற்றுக்குள் போன கொஞ்ச நேரத்தில் உடல் சூட்டுக்கு வந்துவிடும். அதைவிட முக்கியம், அந்தக் கொழுப்பு குழாயின் உள்பக்கம் எண்ணெய்ப் பிசுக்குபோல ஒட்டியிருப்பதில்லை. 'கெட்ட கொலஸ்ட்ரால்' எனப்படும் எல்டிஎல் துகள்கள் குழாயின் சுவருக்குள்ளேயே புகுந்து, அங்கே ஆக்சிஜனேற்றம் அடைகின்றன, அதாவது ஆக்சிஜனோடு வினைபுரிந்து கெட்டுப்போகின்றன. மேக்ரோபேஜ் எனும் நோய் எதிர்ப்பு செல்கள் அவற்றை அளவில்லாமல் விழுங்கி, கொழுப்பு நிரம்பிய நுரை செல்களாகின்றன. அப்புறம் அந்த செல்களுக்குள் ஆற்றலைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா தளர்கிறது. குளுக்கோஸை அவசரமாகச் செலவழிக்கும் வழிக்கு அந்த செல்கள் மாறி, அழற்சியைத் தூண்டும் புரதங்களைச் சுரக்கின்றன. நோயை வளர்ப்பதில் இந்த அழற்சிக்குப் பெரிய பங்கு உண்டு. 2017இல் வெளியான கான்டோஸ் (CANTOS) எனும் மருந்து ஆய்வில், எல்டிஎல்லைக் குறைக்காமல் அழற்சியை மட்டும் தடுத்த மருந்தே மாரடைப்புகளைக் குறைத்தது.

சரி, சமையலில் கவனிக்க என்ன இருக்கிறது? கறுத்து நுரைக்கும் பழைய எண்ணெயில் மீன் வறுக்காதீர்கள். அந்தச் சூட்டில் மீனிலுள்ள கொலஸ்ட்ராலும் ஆக்சிஜனேற்றம் அடையும்.

வெந்நீர் தாராளமாகக் குடிக்கலாம். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.