டெல்லி கணேஷ் டெல்லிக்காரர் இல்லை

டெல்லி கணேஷ் டெல்லியில் பிறந்து வளர்ந்தவர், கமல் படங்களில் காமெடி மட்டும் செய்தவர் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இரண்டுமே தவறு.

அவர் பிறந்தது 1944-இல், தூத்துக்குடிப் பக்கம் வல்லநாட்டில். சரி, டெல்லி எங்கிருந்து வந்தது? 1964 முதல் 1974 வரை இந்திய விமானப்படையில் வேலை பார்த்தார். டெல்லியில் தட்சிண பாரத நாடக சபாவில் மேடையேறினார். 1977-இல் ‘பட்டினப் பிரவேசம்’ மூலம் அவரைத் திரைக்குக் கொண்டுவந்த கே. பாலசந்தர்தான் ‘டெல்லி’யைப் பெயரோடு சேர்த்துவிட்டார்.

அப்புறம் அந்தக் காமெடி விஷயம். ‘மைக்கேல் மதன காமராஜன்’ பாலக்காடு மணி ஐயரை யாரால் மறக்க முடியும்? ஆனால் அதற்கு ஓராண்டு முன்பு, 1989-இல், ‘அபூர்வ சகோதரர்கள்’ படத்தின் வில்லன்களில் ஒருவர் இதே மனிதர்தான்.

‘சிந்து பைரவி’யை இன்னொரு முறை பாருங்கள். மிருதங்க வித்வான் குருமூர்த்தியாக நடிக்கும் டெல்லி கணேஷ் குடித்துவிட்டுக் கச்சேரிக்கு வருகிறார். பாடகர் அவரை வெளியே அனுப்பிவிட்டு மிருதங்கமே இல்லாமல் பாடுகிறார். அவமானத்தில் கூனிப்போய் நிற்கும் அந்த முகத்தில் சிரிப்புக்கு எங்கே இடம்? எனக்கு அவர் நடிப்பில் அதுதான் உச்சம்.

‘பசி’ படத்துக்காகத் தமிழ்நாடு அரசின் விருதும் பெற்றவர். சின்னத்திரையில் ‘மர்மதேசம்’ பார்த்தவர்களுக்கும் அவரைத் தெரியும். 2024 நவம்பரில் காலமாகும்போது 400 படங்களைத் தாண்டியிருந்தார்.