அந்த முதல் வரியை வாசிக்க யார் சொல்லித் தந்தார்கள்?

நேற்று இரவு சித்தியின் மகள் லப்டொப்பும் கையுமாகக் கோண்டாவிலில் இருந்து வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது. "அண்ணா, எனக்கு புரோகிராமிங் சரிவராது போல. வேற ஏதாவது படிக்கிறன்" என்றாள்.

ஏஎல் எடுத்துவிட்டு டவுனில் ஒரு கணினி வகுப்புக்குப் போகிறாள். பைதன் என்ற புரோகிராமிங் மொழியில், ஒரு வசனத்துக்குள் ஒரு சொல் எந்த இடத்தில் இருக்கிறது என்று தேடித் தரும் ஃபைண்ட் ஃபங்ஷன் விளங்கவில்லையாம். கேட்டதற்கு "டொக்கியுமென்டேஷனில் இருக்கு, போய்ப் பார்" என்று அனுப்பிவிட்டார்கள். அந்தக் கையேட்டைப் போய்ப் பார்த்தாள். ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் மேலே, அதை எப்படி எழுதுவது, அதற்கு என்னென்ன கொடுப்பது என்று காட்டும் ஒரு முதல் வரி இருக்கும். இருந்ததை இருந்தபடியே தட்டினாள். பிழை. மாற்றித் தட்டினாள். அதுவும் பிழை. இப்படியே இரண்டு மணித்தியாலம்.

ஃபைண்டின் அந்த முதல் வரி எப்படி இருக்கிறது தெரியுமா? தேட வேண்டிய சொல், உடனே ஒரு சதுர அடைப்பு திறக்கிறது. அதற்குள் ஒரு கமா, ஸ்டார்ட். அதற்குள்ளேயே இன்னொரு சதுர அடைப்பு, இன்னொரு கமா, எண்ட். கடைசியில் இரண்டு அடைப்பும் சேர்ந்து மூடுகின்றன. சதுர அடைப்பு என்றால் லிஸ்ட், அதாவது ஒரு பட்டியல், என்று போன கிழமைதான் அவளுக்குப் படிப்பித்தார்கள். அதனால் அவள் லிஸ்ட்டைக் கொடுத்தாள். அதில் அவளுடைய பிழை என்ன? அந்த இடத்தில் அந்த அடைப்புக்குப் பொருள் "தந்தாலும் சரி, விட்டாலும் சரி" என்பது. தட்டவே கூடாத குறி அது. ஸ்டார்ட் தராமல் எண்டை மட்டும் தர முடியாது என்பதைக் காட்டத்தான் ஒன்றுக்குள் ஒன்றாக வைத்திருக்கிறார்கள். இதைச் சொல்லித்தர இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தை யாரும் செலவழிக்கவில்லை, ஒரு பிள்ளை படிப்பையே விட நினைக்கிறாள். எனக்கு வயிறு எரிகிறது.

இது ஒன்றோடு முடிகிற கதையா? வரிசைப்படுத்தித் தரும் சோர்ட்டட் ஃபங்ஷனின் வரியில் நடுவே ஒரு சாய்கோடும் ஒரு நட்சத்திரமும் கிடக்கின்றன. வகுத்தல், பெருக்கல் என்றுதானே எந்தப் பிள்ளையும் நினைக்கும்? சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பதை இடம் பார்த்து மட்டுமே கொடுக்கலாம், நட்சத்திரத்துக்குப் பின்னால் இருப்பதைப் பெயர் சொல்லி மட்டுமே கொடுக்கலாம். அந்தச் சாய்கோட்டை நாமே எழுதும் ஃபங்ஷனிலும் போடலாம் என்று வந்தது 2019இல், பைதன் 3.8இல். அதற்கு முந்திய குறிப்புகளை வைத்துக்கொண்டு படிப்பிக்கிறவர்கள் இன்றைக்கும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஓர் இடத்தில் எந்த வகைப் பொருள் வரலாம் என்று காட்டப் பைதனில் எழுதும் ஆப்ஷனல் என்ற பெயரை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. ஆப்ஷனல், சதுர அடைப்புக்குள் இன்ட் என்று போட்டிருந்தால், கொடுக்காமல் விடலாம் என்றுதான் யாரும் வாசிப்பார்கள். பொருள் அதுவல்ல: முழு எண்ணோ (இன்ட்), ஒன்றுமில்லை என்பதைக் குறிக்கும் "நன்" (None) என்பதோ வரலாம் என்பதுதான். கொடுத்தே ஆகவேண்டிய இடத்திலும் ஆப்ஷனல் வரும். விட்டுவிடக்கூடிய ஆர்கியுமென்டும் (ஃபங்ஷனுக்கு நாம் கொடுப்பது) இதுவும் ஒன்றல்ல என்று பைதனின் கையேட்டிலேயே தனிக் குறிப்புப் போட வேண்டி வந்தது. 2021இல் வந்த 3.10இலிருந்து ஒரு நிமிர்ந்த கோடு போட்டு "இன்ட் அல்லது நன்" என்றே எழுதலாம். ஆனால் பழைய பக்கங்கள் அப்படியே கிடக்கின்றனவே.

சில வரிகளில் தேவையானதே இல்லை. லிஸ்ட்டை அதிலேயே வரிசைப்படுத்திவிடும் சோர்ட் என்ன திருப்பித் தருகிறது என்று அந்த முதல் வரியில் கிடையாது. அது தருவது நன். அதை இன்னொரு மாறியில் போட்டுவிட்டு, லிஸ்ட் எங்கே போனது என்று தேடாத ஒரு மாணவனை நான் இன்னும் காணவில்லை.

சரி, அவளுக்கு மூளை இல்லாமல் இல்லை என்று அவளுக்கே காட்ட வேண்டியிருந்தது. இருப்பதிலேயே பயங்கரமாகத் தெரிகிற வரியை எடுத்தேன், ஹாஸ்கல் என்ற இன்னொரு புரோகிராமிங் மொழியின் மேப். ஒரு அடைப்புக்குள் ஏ அம்பு பி, பிறகு ஒரு அம்பு, சதுர அடைப்புக்குள் ஏ, இன்னொரு அம்பு, சதுர அடைப்புக்குள் பி. இங்கே சதுர அடைப்பு உண்மையாகவே லிஸ்ட்தான். ஒரே குறி, மொழி மாறினால் பொருள் மாறுகிறது, யாரும் எச்சரிப்பதுமில்லை. கடைசி அம்புக்குப் பின்னால் இருப்பது திரும்பி வருவது, முன்னால் இருப்பவை நாம் கொடுப்பவை என்று முதலில் சொன்னேன். பிறகு, "ஏ என்றால் ஒரு கறுத்தக்கொழும்பான் மாம்பழம், பி என்றால் அதன் நிறை. அடைப்புக்குள் இருக்கிறது ஒரு பழத்தை நிறுக்கிற வழி. அதையும் ஒரு பெட்டிப் பழத்தையும் குடுத்தால் என்ன வரும்?" என்று கேட்டேன்.

"ஒரு பெட்டி நிறை" என்றாள்.

அடுத்து ஃபில்டரின் வரியைக் காட்டிவிட்டு நான் வாயே திறக்கவில்லை. அடைப்புக்குள் ஏ அம்பு பூல் (ஓம் அல்லது இல்லை), பிறகு ஏ லிஸ்ட், கடைசியிலும் ஏ லிஸ்ட். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "பி இல்லை. அப்ப போறதும் மாம்பழம், வாறதும் மாம்பழம். ஒவ்வொரு பழத்துக்கும் ஓம், இல்லை எண்டு சொல்லுற ஒண்டைக் குடுக்கிறம். இல்லை எண்டது கழிஞ்சுபோகும்... சரியோ அண்ணா?"

ஹாஸ்கல் என்ற பெயரை அவள் கேள்விப்பட்டு அரை மணித்தியாலம்கூட ஆகியிருக்கவில்லை.