கணு இல்லாத திருட்டு

(மதுரையில் ஓர் அடுக்குமாடி வீடு. கோமதியக்கா வராந்தாவில் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறார். மேல்மாடி பாண்டி ஒரு கண்ணாடி பாட்டிலோடு இறங்கி வருகிறார்.)

பாண்டி: அக்கா, இந்த மணி பிளான்ட் ஒரு மாதிரியா இருக்கு. என்னன்னு பாருங்களேன்.

கோமதி: எங்க வாங்குனே?

பாண்டி: நர்சரிலக்கா. நூத்தம்பது ரூவா.

கோமதி: கொடு... ஏன் பாண்டி, அந்த நர்சரிக்காரரு என் பழைய நைட்டிய எப்பக் கிழிச்சாரு?

பாண்டி: என்னக்கா?

கோமதி: கொடியில ஊதாப்பூப் போட்ட துணி முடிச்சுத் தொங்குது பாரு. தேங்காநார்க் கம்போட சேத்துக் கட்ட நான் கிழிச்சது.

பாண்டி: (தலையைச் சொறிந்து) மணி பிளான்ட்டத் திருடித்தான் வைக்கணுமாம்க்கா. காசு கொடுத்து வாங்குனா காசு தங்காதாம். என் வீட்டுக்காரிதான் அனுப்புனா.

கோமதி: அது இருக்கட்டும். நீ திருடுனது மணி பிளான்ட்டே இல்லயே.

பாண்டி: ஐயையோ!

கோமதி: இது பிலோடென்ட்ரான். பிரேசில்னு ஒரு ரகம். இலைக் காம்பத் தடவிப் பாரு, உருண்டையா இருக்கா? இப்ப இந்த மணி பிளான்ட்டத் தடவு.

பாண்டி: இதுல உள்பக்கம் வாய்க்கா வெட்டுன மாதிரி பள்ளம் ஓடுது.

கோமதி: அதான் அடையாளம். நுனியில காஞ்ச உறை ஒண்ணு ஒட்டியிருக்கு பாரு. பிலோடென்ட்ரான்ல புது இலை அப்படி ஒரு உறைக்குள்ளருந்துதான் வரும். மணி பிளான்ட்ல அந்த உறை கிடையாது.

பாண்டி: ராத்திரி 11 மணிக்கு இதெல்லாம் தடவிப் பாக்க முடியுமாக்கா?

கோமதி: நடுவுல எலுமிச்சம்பழக் கலர்ல பட்டை இருந்துச்சே, எங்க?

பாண்டி: அதத்தான் கேக்க வந்தேன். புது இலை பூரா வெறும் பச்சையா வருது.

கோமதி: எங்க வச்சிருக்கே?

பாண்டி: பாத்ரூம்ல.

கோமதி: வெளிச்சம்?

பாண்டி: குளிக்கும்போது லைட்டு போடுவோம்.

கோமதி: நல்லா இருக்கு! வெளுத்த இடத்துல பச்சையம் கம்மி தம்பி. அது சமைக்காது, உக்காந்து சாப்பிடும். இருட்டுல வருமானம் பத்தலன்னா செடி பச்சைக்கே திரும்பிரும். ஜன்னலோரம் வை. ஆனா நேர் வெயில் வேணாம், வெளுத்த இடம் கருகிரும்.

பாண்டி: உக்காந்து சாப்பிடுறவங்களுக்குத்தான் ஜன்னலோர சீட்டு போல.

கோமதி: பச்சையா ஓடுன கொடிய, கடைசியாப் பட்டை விழுந்த இலை வரைக்கும் வெட்டி விடு. ஆமா, ஆடி மாசம் என் மார்பிள் குயின் ரக மணி பிளான்ட்ல ஒரு இலை காணாமப் போச்சே?

பாண்டி: அதுவும் நாந்தான்க்கா. இன்னும் பாட்டில்லதான் கெடக்கு. வாடவும் மாட்டேங்குது, வளரவும் மாட்டேங்குது.

கோமதி: வெறும் இலை எப்படி வளரும்? கொடியில காம்பு சேருற இடத்துல முட்டு இருக்கு பாரு, அதான் கணு. தளிரு அங்கருந்துதான் வரும். திருடுறவன் கணுவோட திருட வேணாமா?

பாண்டி: பேசாம விதை போட்டா என்னக்கா?

கோமதி: பூத்தாத்தான விதை! மணி பிளான்ட்டுக்குப் பூக்க வைக்கிற ஜிப்ரலின்ங்கிற ஹார்மோன் போதுமான அளவு சுரக்கிறதில்ல. வளக்குற இடத்துல தானாப் பூத்ததா கடைசியா எழுதி வச்சது 1964ல.

பாண்டி: சொந்த ஊரு எது?

கோமதி: பசிபிக் கடல்ல மூரியான்னு ஒரு தீவு.

பாண்டி: பூக்காம, விதை இல்லாம, அங்கருந்து நம்ம மதுரைக்கு எப்படிக்கா வந்துச்சு?

கோமதி: கணுவ வெட்டி வெட்டித்தான்.

பாண்டி: பாத்தீங்களா! வழி நெடுக நம்மாளுகதான் இருந்திருக்காய்ங்க.

கோமதி: (கத்தரிக்கோலை எடுத்து) சரி சரி, மார்பிள் குயின்ல மூணு கணுவோட வெட்டித் தாரேன், கொண்டு போ.

பாண்டி: ஐயோ வேணாம்க்கா! நீங்களா குடுத்தா பலிக்காது.

கோமதி: பின்ன என்னதாண்டா செய்யணும்?

பாண்டி: கத்தரிக்கோல அங்கயே வச்சுட்டு, உள்ள போயி எனக்கு ஒரு டம்ளர் தண்ணி கொண்டாங்க. மெதுவா வாங்க.