ஜெல்லிக் கனசதுரத்தை இவ்வளவு லேசாக எடைபோடாதீர்கள்

பகடை உருட்டி ஆடும் கற்பனைக் கதை விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் வரும் கண்ணாடி போன்ற அரக்கன் ஜெல்லிக் கனசதுரம். அதை நான் படித்த ஒரு கட்டுரை 'ஊர்ந்து வரும் ஜெல்லி, ஓடினால் போதும்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. 2014 விதிகளின்படி அதன் வேகம் சுற்றுக்கு 15 அடிதான், சரி. ஆனால் அது துரத்திப் பிடிக்கும் பிராணியே இல்லை. 10 அடி அகல நடைபாதையை அப்படியே அடைத்துக்கொண்டு அசையாமல் நிற்கும். கண்ணெதிரே இருந்தாலும் இருபதுமுகப் பகடை உருட்டும் கவனிப்புச் சோதனையில் 15 எடுத்தால்தான் தெரியும். தெரியாமல் உள்ளே காலை வைத்தவர் தற்காப்புக்கு அதே பகடையை இரண்டு முறை உருட்டிக் குறைந்ததை எடுக்க வேண்டும். 12 வராவிட்டால் விழுங்கப்படுவார்.

விழுங்கியபின் மூச்சுவிட முடியாது. கனசதுரத்தின் ஒவ்வொரு முறையின் தொடக்கத்திலும் ஆறு அறுமுகப் பகடை அமிலச் சேதம், சராசரி 21. இரண்டாம் நிலை மந்திரவாதிக்கு மொத்த உயிர்ப்புள்ளியே (தாங்கக்கூடிய சேதம்) 14ஐச் சுற்றித்தான் இருக்கும்.

பெரும்பாலான குழுக்கள் தவறுவது இங்கேதான்: எல்லோரும் வெட்ட இறங்குகிறார்கள். கனசதுரத்துக்கு 84 உயிர்ப்புள்ளி, ஒரே சுற்றில் தீராது. முதலில் பலசாலி ஒருவர் 12க்கு வலிமைச் சோதனை போட்டுத் தோழரை வெளியே இழுக்கட்டும். இழுப்பவருக்கும் சராசரி 10 சேதம் உண்டு, அது தேவலாம். பிறகு பின்வாங்கி அம்பு விடுங்கள். கவச எண், அதாவது தாக்குபவர் எட்டவேண்டிய எண், வெறும் 6, குறி தப்புவதே அபூர்வம். மாயமாய் மறைவது வீண், 60 அடிக்குள் அதற்குக் கண் தேவையில்லை.

ஆட்டம் நடத்துபவர்களுக்கு ஒன்று: அந்தரத்தில் தொங்கும் துருப்பிடித்த வாளைக் காட்டுங்கள். அந்த ஒரு தடயமாவது கொடுப்பதுதான் நியாயம்.